பயிற்சியாளர் குரு அல்லர், உழைப்பாளி

2020 ஆகஸ்ட் 28 அன்று பெங்களூருவில் தடகளப் பயிற்சியாளர் புருஷோத்தம் ராய் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 79. அசுவினி நாச்சப்பா, வந்தனா ராவ் முதலிய ஓட்டப்பந்தய வீராங்கனைகளுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். மறுநாள், தேசிய விளையாட்டு நாளன்று, வாழ்நாள் சாதனைக்கான துரோணாச்சாரியா விருதைக் குடியரசுத் தலைவரிடமிருந்து காணொளி வாயிலாக அவர் பெறுவதாக இருந்தது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் பணியிலிருந்து 2001ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவரை நாடு நினைவுகூர 19 ஆண்டுகள் பிடித்தன. விருதுக்கும் அவருக்கும் இடையே கடைசியில் ஒரே ஒரு நாள் இடைவெளி விழுந்துவிட்டது.

இது தனித்த நிகழ்வன்று. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார் பி.டி. உஷா. அடுத்த ஆண்டே அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவரைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டெடுத்து, கண்ணூர் விளையாட்டுப் பிரிவில் பயிற்றுவித்து, அந்த ஓட்டத்திற்குத் தயார் செய்த ஓ.எம். நம்பியாருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதோ 2021ஆம் ஆண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். மாணவிக்கும் ஆசிரியருக்கும் இடையே 36 ஆண்டு இடைவெளி.

விருதுகள் தாமதமாவது வருத்தத்திற்குரியது. ஆயினும், விருது ஒருவரின் வாழ்வில் ஒரு நாளைக்குரியது. ஏனைய நாட்களில் பயிற்சியாளர் எப்படி வாழ்கிறார், யாருக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறார் என்பதே கேள்வி. 2030ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகள் அகமதாபாத்தில் நடக்கவிருக்கின்றன. 2036 ஒலிம்பிக்கையும் நடத்த ஒன்றிய அரசு விருப்பம் தெரிவித்திருக்கிறது. அரங்குகள் குறித்தும் பதக்கப் பட்டியல் குறித்தும் பெருமிதப் பேச்சுகள் ஒலிக்கும் இக்காலத்தில் இக்கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

துரோணரின் வறுமை

பயிற்சியாளர்களுக்கான உயரிய தேசிய விருது 1985ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்டது. அதற்குத் துரோணரின் பெயரைச் சூட்டியது சரியா என்று முற்போக்காளர்கள் பலகாலமாகக் கேட்டு வருகின்றனர். வேட்டுவச் சிறுவன் ஏகலைவனின் வலக்கைக் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டு வாங்கியவர் அவர். பழங்குடி, தலித், பிற்படுத்தப்பட்ட குழந்தைகளை ஆடுகளத்திற்கு அழைத்துவர வேண்டிய ஒரு தொழிலுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி முற்றிலும் நியாயமானது.

ஆனால், பாரதக் கதையில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் உண்டு. துரோணர் வறியவர். தம் பிள்ளை அசுவத்தாமனுக்குப் பால் வாங்க வழியற்றவர். மாவைக் கரைத்த நீரைப் பால் என்று நம்பிக் குடித்துவிட்டு அந்தப் பிள்ளை ஆடி மகிழ்ந்ததைப் பார்த்து மனம் உடைந்தவர். உடன் பயின்ற துருபதனிடம் உதவி நாடிச் சென்று அவமதிக்கப்பட்டவர். அதன் பிறகே அத்தினாபுரத்து அரண்மனையில் இளவரசர்களுக்கு வில்வித்தை கற்பிக்கும் பணியில் அமர்ந்தார். அர்ச்சுனனை விஞ்சிய வில்லாளி வேறு எவனும் இருக்கக் கூடாது என்பது அந்த அரண்மனையின் விருப்பம். அதை நிறைவேற்றுவதற்கு அவர் கேட்ட விலைதான் ஏகலைவனின் விரல்.

துரோணரின் குற்றத்தைக் குறைத்துக் காட்ட இதைச் சொல்லத் தேவையில்லை. பிழைப்பு முழுவதையும் அரண்மனையின் கையில் வைத்திருக்கும் ஆசான், இக்கட்டான நேரத்தில் யார் பக்கம் நிற்பார் என்பதற்கு அக்கதை சான்று. இந்தியப் பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் இன்று நிற்பதும் அதே இடத்தில்தான். மேடையில் அவர் குரு. சம்பளப் பட்டியலில் ஒப்பந்தப் பணியாளர். ‘குரு’ என்ற பட்டம் இங்கே இரண்டு காரியங்களைச் செய்கிறது. வேலை கொடுப்பவர் உரிய ஊதியம் தராமல் தப்பிக்க அது வழி செய்கிறது. பயிற்சி பெறும் குழந்தை எதையும் கேள்வி கேட்காமல் பணிந்திருக்கவும் அதுவே வழி செய்கிறது. உரிமை மறுப்பும் அதிகார அத்துமீறலும் ஒரே புனிதப் போர்வைக்குள் ஒளிந்துகொள்கின்றன. அந்தப் போர்வையை விலக்கிப் பயிற்சியாளரை உழைப்பாளியாகப் பார்க்கும்போதுதான் இரண்டுக்கும் தீர்வு காண முடியும்.

பதினேழு ஆண்டு உழைப்பு

பயிற்சியாளரின் உழைப்பு எத்தகையது என்பதற்கு அகர்தலாவைப் பார்க்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் இறுதிப் போட்டியில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காம் இடத்தைப் பிடித்தார் திரிபுராவின் தீபா கர்மாகர். வெண்கலம் 0.150 புள்ளிகளில் கை நழுவியது. ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை அவரே. ஆறு வயதில் அவருக்கு முதல் பாடம் சொல்லித் தந்தவர் சோமா நந்தி. பின்னர் ரியோ வரை கூடவே நின்றவர் சோமாவின் கணவர் பிஸ்வேஸ்வர் நந்தி. தீபாவுக்குத் தட்டைப் பாதம். ஓடிவந்து தாவித் தரையில் ஊன்ற வேண்டிய விளையாட்டில் அது பெரும் குறை. அதைச் சரிப்படுத்துவதிலேயே பயிற்சியின் தொடக்கக் காலம் கழிந்தது. தாவிப் பழகக் கருவி இல்லாதபோது பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களைக் கொண்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டார்கள்.

ஆறு வயதுக் குழந்தை 23 வயதில் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் நிற்கிறாள் என்றால், இடையில் கழிந்தவை 17 ஆண்டுகள். வேர் அதற்கும் முந்தையது. ஹரியானாவிலிருந்து 1960களில் திரிபுராவுக்கு வந்த தலீப் சிங் என்ற பயிற்சியாளர் விதைத்த மரபு அது. 1970களில் அர்ச்சுனா விருது பெற்ற மண்டு தேப்நாத்தும் பின்னர் பிஸ்வேஸ்வர் நந்தியும் அந்த மரபில் வந்தவர்கள். 1987இல் மறைந்த தலீப் சிங், தாம் ஊன்றிய விதை ரியோவில் முளைத்ததைக் காணவில்லை.

பயிற்சியாளரின் உழைப்புக்குரிய கால அளவு இதுதான். விடியலுக்கு முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும். பள்ளி முடிந்த பிறகு மீண்டும் வர வேண்டும். குழந்தை என்ன சாப்பிட்டது, ஏன் இன்று கால் இடறுகிறது, வீட்டில் தந்தைக்கு வேலை போய்விட்டதா, பெண் பிள்ளையை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பத் தாய் ஏன் தயங்குகிறார் என அனைத்தையும் அறிந்திருக்க வேண்டும். காயமுற்றால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வதும், காலணி கிழிந்தால் தம் கைக்காசில் வாங்கித் தருவதும் அவரே. இவ்வளவு செய்தும், பயிற்சிக்கு வரும் நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றொன்பது பேர் பதக்க மேடையைக் காணப் போவதில்லை. அவர்கள் உடலுறுதியும் தன்னம்பிக்கையும் கொண்ட மனிதர்களாக வளர்வதும் அவருடைய உழைப்பின் பயன்தான். அந்தப் பயன் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை

இத்தகைய நீண்ட உழைப்பை அரசு எந்த அளவுகோலால் அளக்கிறது? இந்திய விளையாட்டு ஆணையம் 2021ஆம் ஆண்டு 100 பயிற்சியாளர்களையும் 220 உதவிப் பயிற்சியாளர்களையும் தேர்வு செய்ய விளம்பரம் செய்தது. பணி ஒப்பந்த அடிப்படையிலானது; காலம் நான்கு ஆண்டுகள். ஓர் ஒலிம்பிக்கிலிருந்து அடுத்த ஒலிம்பிக் வரை என்பது அதன் கணக்கு. குழந்தையை வளர்க்க வேண்டிய காலமோ 17 ஆண்டுகள். பயிற்சியாளர் தம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமானால் ஆறு வயதுக் குழந்தையிடம் அவர் நேரத்தைச் செலவிட முடியாது. அடுத்த ஆண்டே பதக்கம் தரக்கூடிய, வேறொருவர் வளர்த்துவிட்ட பதினெட்டு வயதுப் பிள்ளையைத்தான் அவர் தேட நேரும்.

மேல்மட்டத்தில் நிலைமை இது. கீழே இறங்க இறங்க இன்னும் மோசம். மாவட்ட அளவில் அமைக்கப்படும் ‘கேலோ இந்தியா’ மையங்களுக்குத் தொடர் மானியம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். பயிற்சியாளராக அமர்த்தப்படும் முன்னாள் வீரரின் ஊதியம், உதவிப் பணியாளர், கருவிகள், சீருடை, போட்டிகளில் பங்கேற்கும் செலவு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். மாதக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 41,600 ரூபாய். நாட்டுக்காக விளையாடி ஓய்வு பெற்ற ஒருவரின் குடும்பமும் ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளின் கனவும் அந்தத் தொகையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்திலோ சட்டமே உடற்கல்வியைப் பகுதிநேரமாக்கி வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு குழந்தைகளுக்கு மேல் பயிலும் பள்ளியில் உடற்கல்விக்கு ஒரு ‘பகுதிநேரப் பயிற்றுநர்’ இருக்க வேண்டும் என்கிறது. நூறுக்குக் கீழே இருந்தால் அதுவும் கட்டாயமில்லை. அந்த அட்டவணையைக் காட்டித்தான் உத்தரப்பிரதேசத்தில் ‘அனுதேசக்’ என்ற பெயரில் 2013 முதல் மாதம் 7,000 ரூபாய்க்குப் பயிற்றுநர்கள் அமர்த்தப்பட்டனர். தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், கணினி முதலிய பாடங்களுக்கு 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டனர். ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. பணி நிரந்தரம் வேண்டி அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகின்றனர்.

இவர்களுக்குக் கொடுக்கப்படும் தொகைக்கு ‘மதிப்பூதியம்’ என்று பெயர். அங்கன்வாடி ஊழியரும் ஆஷா பணியாளரும் நன்கு அறிந்த சொல் அது. சொல்லில் மதிப்பும் உண்டு, ஊதியமும் உண்டு. நடைமுறையில் இரண்டும் இல்லை. அவர்களைத் ‘தாய்’ என்றும் ‘சேவகி’ என்றும் புகழ்ந்து தொழிலாளி என்ற தகுதியை மறுக்கும் அதே உத்திதான் பயிற்சியாளரைக் ‘குரு’ ஆக்குவதிலும் செயல்படுகிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ‘குறித்த கால வேலை’யை நாடு முழுவதும் சட்டபூர்வமாக்கியிருக்கின்றன. விளையாட்டுத் துறையில் அந்த ஏற்பாடு பல ஆண்டுகளுக்கு முன்பே சத்தமின்றி நிலைபெற்றுவிட்டது.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்குச் சாந்தி சௌந்தரராஜனின் வாழ்க்கை ஒரு சாட்சியம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பெயரால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவமானத்தைத் தாங்கிக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தார். நிலையான பணியோ போதிய ஊதியமோ இல்லாததால் மீண்டும் சூளைக்கே கூலி வேலைக்குப் போக நேர்ந்தது. பின்னர்ப் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி அவருக்குக் கிடைத்தபோது 2016ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் இருந்தது. தோகா ஓட்டத்திற்கும் அந்த ஆணைக்கும் இடையே பத்து ஆண்டுகள்.

அரசுப் பயிற்சியாளர் இல்லாத இடத்தைத் தனியார் அகாடமிகள் நிரப்புகின்றன. அங்கே கட்டணம் கட்டக்கூடியவரின் பிள்ளைக்கே இடம். ஏகலைவனின் விரலை இன்று யாரும் கேட்பதில்லை. அவன் வாசலுக்கு வராதபடி கட்டணப் பட்டியலே பார்த்துக்கொள்கிறது.

பதக்கத்தை மட்டும் கொண்டு பயிற்சியாளரை அளப்பதன் நச்சு விளைவு இன்னொன்றும் உண்டு. பெருமளவில் ஊக்கமருந்துச் சோதனை நடத்தும் நாடுகளில், சோதனையில் சிக்குவோரின் விகிதத்தில் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்தியா முதலிடத்தில் இருந்தது. இளையோர் போட்டிகளில் வயதைக் குறைத்துக் காட்டும் மோசடி வேறு. இவற்றுக்குத் துணைபோகும் பயிற்சியாளர்கள் குற்றவாளிகள், அதில் ஐயமில்லை. ஆயினும், இந்த ஆண்டுப் பதக்கம்தான் அடுத்த ஆண்டுச் சோறு என்று ஆக்கிவைத்திருக்கும் ஏற்பாட்டுக்கும் அக்குற்றத்தில் பங்கு உண்டு.

போர்வையின் மறுபக்கம்

பயிற்சியாளர் சுரண்டப்படுகிறார் என்பதால் அவர் அதிகாரமற்றவர் என்று கொள்வது தவறு. அணியில் யார் இடம்பெறுவார், யார் வெளிநாடு செல்வார், யார் முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்பதில் அவருடைய சொல் எடுபடும். பெற்றோரை விட்டுத் தொலைதூர விடுதியில் தங்கிப் பயிலும் சிறுமிக்கு அவரே உலகம். அந்த அதிகாரம் கண்காணிப்பற்றுப் போகும்போது என்ன நிகழும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார். 2022 ஜூனில் ஸ்லோவேனியாவில் நடந்த பயிற்சி முகாமின்போது மிதிவண்டி வீராங்கனை ஒருவர் தம் பயிற்சியாளர் மீது புகார் அளித்தார். அப்பயிற்சியாளரின் ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது.

2023 ஜனவரியில் வினேஷ் போகத், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் தில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தபோது, மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவரும் பாஜக நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது மட்டுமன்றிச் சில பயிற்சியாளர்கள் மீதும் குற்றம் சாட்டினர். அவர் அதை மறுத்தார். வழக்குப் பதிவு செய்யவே வீராங்கனைகள் உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அதை நோக்கிப் புறப்பட்டவர்களைக் காவல்துறை தெருவில் இழுத்துச் சென்றதை நாடே பார்த்தது. விவசாயச் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அன்று அவர்களுடன் நின்றன.

அப்போராட்டத்தின்போது போதுமான அளவு கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. அத்தனை முகாம்களில் அத்தனை ஆண்டுகள் பணியாற்றிய பயிற்சியாளர்களில் எத்தனை பேர் வெளிப்படையாக வாய் திறந்தனர்? அந்த மௌனத்தை நியாயப்படுத்த முடியாது. ஆனால், அதன் காரணத்தை அறிய முடியும். முகாமில் யார் இருப்பார், யார் நீக்கப்படுவார் என்பதில் கூட்டமைப்புத் தலைமைக்குச் செல்வாக்கு இருக்கும் வரை, கண்டதைச் சொல்லும் பயிற்சியாளர் தம் பிழைப்பைப் பணயம் வைத்தே சொல்ல வேண்டும். அரண்மனைச் சம்பளத்தில் இருந்த துரோணரும், அவையில் பாஞ்சாலி நீதி கேட்டபோது வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவருக்கு நேர்ந்ததையும் நாடு கண்டது. 2022 டிசம்பரில் ஹரியானாவில் ஓர் இளம் பெண் பயிற்சியாளர், மாநிலத்தின் அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் மீதே பாலியல் துன்புறுத்தல் புகார் அளித்தார். குற்றச்சாட்டை மறுத்த அமைச்சர், விளையாட்டுத் துறைப் பொறுப்பை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு பாஜக அமைச்சரவையில் நீடித்தார். புகார் கொடுத்த பயிற்சியாளர் 2023 ஆகஸ்டில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இந்திய மகளிர் ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளரான முதல் பெண்மணி யானெக் ஸ்கோப்மன், பெண் என்ற முறையில் தமக்கு மதிப்பும் மரியாதையும் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகக் கூறி 2024 பிப்ரவரியில் பதவி விலகினார். தேசிய அணியின் பயிற்சியாளருக்கே நிலைமை இதுவானால், மாவட்ட மைதானத்தில் ஒற்றையாக நிற்கும் பெண் பயிற்றுநரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. விளையாட்டு நிறுவனம், அரங்கம், பயிற்சி நடக்கும் இடம், போட்டி நடக்கும் இடம் ஆகிய அனைத்தும் ‘பணியிடம்’ என்பதில் அடங்கும் என்று அச்சட்டம் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்கிறது. ஆனால், பல தேசியக் கூட்டமைப்புகளில் சட்டப்படியான புகார்க் குழுவே இல்லை என்ற செய்தி வெளியாகி, 2023 மே மாதத்தில் தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது. சட்டம் மைதானத்தைப் பணியிடம் என்று ஏற்றுப் பத்து ஆண்டுகள் கழிந்த பிறகும், அதை நடத்துவோர் குருகுலம் என்றே கருதிக்கொண்டிருந்தனர்.

பாட்டியாலாவும் ஹவானாவும்

1961ஆம் ஆண்டு மே மாதம் பாட்டியாலா மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. பயிற்சியாளர்களை உருவாக்குவதே அதன் முதன்மைப் பணி. அரண்மனை ஒன்று பொதுச் சொத்தாகி, உழவர் வீட்டுப் பிள்ளைகளும் படைவீரர்களும் அங்கே பட்டயம் பெற்றது விடுதலை பெற்ற நாட்டின் சாதனைகளுள் ஒன்று. அதே 1961ஆம் ஆண்டின் பிப்ரவரியில், புரட்சி வென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த கியூபா, விளையாட்டுக்கும் உடற்கல்விக்கும் பொழுதுபோக்குக்குமான தேசிய நிறுவனத்தைத் தொடங்கியது.

ஒரே ஆண்டில் தொடங்கிய இரு பயணங்கள் வெவ்வேறு திசையில் சென்றன. கியூபா பயிற்சியாளரைப் பொதுப்பணியாளராக்கி, பள்ளிக்கும் குடியிருப்புக்கும் அனுப்பியது. அமெரிக்கப் பொருளாதாரத் தடையின் நெருக்கடியில் வீரர்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறுவது உண்மையே. ஆயினும், ஏறத்தாழ ஒரு கோடி மக்களைக் கொண்ட அந்நாடு குத்துச்சண்டையில் படைத்த சாதனை உலகறிந்தது. மருத்துவர்களைப் போலவே பயிற்சியாளர்களையும் அது பிற நாடுகளுக்கு அனுப்பியது. 1990இல் இந்தியா வந்து நம் குத்துச்சண்டை வீரர்களைப் பயிற்றுவித்த பிளாஸ் இக்லேசியாஸ் பெர்னாண்டஸ் அவர்களுள் ஒருவர். 2012இல் துரோணாச்சாரியா விருது பெற்ற முதல் வெளிநாட்டவர் அவரே. இந்தியாவோ பயிற்சியாளர்களை உருவாக்கும் நிறுவனத்தைக் கட்டிவிட்டு, அங்கே பட்டயம் பெற்றவர்களுக்கு நிலையான பணியிடத்தைத் தர மறந்தது.

நிரந்தரப் பணி கொடுத்தால் பயிற்சியாளர் சோம்பிவிடுவார், போட்டி இருந்தால்தான் உழைப்பார் என்பது அதிகாரிகள் சொல்லும் வாதம். அரசின் விருதுப் பட்டியலே அதற்கு மறுப்பு. புருஷோத்தம் ராய் விளையாட்டு ஆணையத்தில் ஓய்வு பெறும் வரை பணியாற்றியவர். நம்பியார் கேரள விளையாட்டுக் கவுன்சிலின் பயிற்சியாளர். அஞ்சு பாபி ஜார்ஜைக் கண்டெடுத்து, 2013இல் துரோணாச்சாரியா விருது பெற்ற கே.பி. தாமஸ், மலையோரச் சிற்றூரான கோருத்தோட்டின் பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர்; ஊரார்க்கு அவர் ‘தாமஸ் மாஷ்’. நாடு யாரைக் குரு என்று கொண்டாடுகிறதோ அவர்களில் பலரும், மாதம் தவறாமல் ஊதியமும் முதுமைக்கு ஒரு பிடிமானமும் இருந்ததால்தான் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரே மைதானத்தில் நின்று பிள்ளைகளை வளர்க்க முடிந்தது.

செய்ய வேண்டியவை

விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஆனால், நிதி ஒன்றிய அரசிடம் குவிந்திருக்கிறது. 2025இல் ஒன்றிய அரசு புதிய தேசிய விளையாட்டுக் கொள்கையை அறிவித்தது. தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தையும் நிறைவேற்றியது. கூட்டமைப்புகளின் செயற்குழுவில் பெண்களுக்கும் வீரர்களுக்கும் இடம் வேண்டும் என்பதை அச்சட்டம் ஏற்றிருப்பது ஜந்தர் மந்தரில் கண்ணீர் சிந்தியவர்கள் ஈட்டித் தந்த பயன். அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும்.

முதலாவதாக, பயிற்சியாளர் பணியிடங்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் நீண்டகாலம் பணியாற்றியோரை முறைப்படுத்த வேண்டும். கல்வி உரிமைச் சட்ட அட்டவணையிலுள்ள ‘பகுதிநேரம்’ என்ற சொல் நீக்கப்பட்டு, ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் முழுநேர உடற்கல்வி ஆசிரியர் உறுதி செய்யப்பட வேண்டும்.

இரண்டாவதாக, பயிற்சியாளரை மதிப்பிடும் அளவுகோல் மாற வேண்டும். எத்தனை குழந்தைகள் வந்தனர், எத்தனை சிறுமியர் ஐந்தாண்டுகள் இடைநிற்காமல் தொடர்ந்தனர், எத்தனை தலித், பழங்குடிக் குழந்தைகள் மைதானத்தில் இருக்கின்றனர், காயங்கள் எவ்வளவு குறைந்தன என்பவையும் கணக்கில் வர வேண்டும்.

மூன்றாவதாக, பயிற்சி நடக்கும் ஒவ்வோர் இடமும் பணியிடம் என்ற சட்ட நிலை நடைமுறைக்கு வர வேண்டும். கூட்டமைப்புத் தலைமையின் பிடிக்கு அப்பாற்பட்ட புகார்க் குழு, புகார் கொடுப்போருக்கும் சாட்சி சொல்லும் பயிற்சியாளருக்கும் பணிப் பாதுகாப்பு, சிறுமியர் முகாம்களில் பெண் பயிற்சியாளர் கட்டாயம் என்ற மூன்றும் ஒன்றாக வேண்டும்.

நான்காவதாக, பயிற்சியாளர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமையும், கூட்டமைப்புகளின் முடிவெடுக்கும் அமைப்புகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதித்துவமும் வேண்டும்.

இவை எதுவும் மேலிருந்து தானாக வரப்போவதில்லை. உள்ளாட்சி மன்றங்களில் உள்ள தோழர்கள் தங்கள் ஊர் மைதானத்தில் பயிற்சியாளர் இருக்கிறாரா, அவருக்கு என்ன ஊதியம், எப்போது கடைசியாகக் கொடுக்கப்பட்டது என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். வாலிபர், மாணவர் அமைப்புகள் ஊர்தோறும் போட்டிகள் நடத்துகின்றன. அப்போட்டிகளில் நடுவராகவும் வழிகாட்டியாகவும் ஊதியமின்றி வந்து நிற்கும் உடற்கல்வி ஆசிரியரிடம் அவருடைய பணி நிலை பற்றிப் பேசும் வழக்கம் உருவாக வேண்டும். அங்கன்வாடி ஊழியரைத் தொழிலாளி என்று நாடு ஏற்கச் செய்ய நெடுங்காலம் போராடிவரும் தொழிற்சங்க இயக்கத்திற்கு இந்தப் பணி புதிதன்று.

விருதுக்கு எப்பெயர் சூட்டுவது என்ற விவாதம் தொடரட்டும், அது தேவையானதே. அதைவிட உடனடித் தேவை ஒன்று உண்டு. விடியற்காலையில் விசிலோடு மைதானத்தில் நிற்கும் அந்த மனிதரின் வீட்டில் பிள்ளைக்குப் பால் இருக்க வேண்டும். அடுத்த மாதமும் இருக்கும் என்ற உறுதி இருக்க வேண்டும். அந்த உறுதி கிடைத்துவிட்டால் அவர் அரண்மனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. எவர் விரலையும் கேட்க வேண்டியதுமில்லை.